ஒரு வாய் தண்ணீர்

ஷூக்களை வாசலில் கழற்றியது தான்தானா என்பதில் வெரோனிகாவுக்கு இன்றுவரை சந்தேகம் இருக்கிறது. கழற்றியதாகத்தான் நினைவு. இடது ஷூவின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தபோது குதிகாலில் புதுத் தோல் உரசி எரிந்ததும், வெயில் ஏறிய படியில் வெறுங்காலை வைத்ததும் நினைவில் இருக்கின்றன. ஆனால் ஒரே விஷயத்தை ஆயிரம் முறை எடுத்துப் பார்த்தால் அது துவைத்துத் துவைத்து வெளுத்த துணிபோல் ஆகிவிடுகிறது. நடந்தது எது, அவளாகச் சேர்த்துக்கொண்டது எது என்று தெரியவில்லை. உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்றுதான். உள்ளே பீரோவின் முன்னால் நின்று இழுப்பறையைத் துழாவிக்கொண்டிருந்தபோது, அந்த ஷூக்கள் வாசற்படியில் இறங்கிப் போகும் சத்தத்தை அவள் கேட்டாள்.

நேரு வீதியில் வாங்கிய ஷூக்கள். பிரான்ஸ் குளிரில் செருப்போடு நடக்க முடியாது என்று கணவன் அல்போன்ஸ் சொல்லியிருந்தான். ரப்பர் அடி. நடந்தால் வலது கால் மட்டும் கீச்சென்றது. கடைக்காரன் நாலு நாளில் சரியாகிவிடும் என்றான்.

ஜூன் மாதம். மதியம் மூன்று மணி. நெல்லித்தோப்பில் அவர்கள் தெருவில் நிழல் என்று ஒன்றும் இல்லாத நேரம். கார் வாசலில் நின்றது. டிரைவர் இராமதாஸ் ஆறு பெட்டிகளையும் ஏற்றிக் கயிறு கட்டி முடித்திருந்தார். முன்னால் அல்போன்ஸ். நடுவில் பத்து வயது அபி, மடியில் பையுடன். அவள் பக்கத்தில் நான்கு வயது நோயல். விமான நிலையம்வரை கூட வருவதாக இருந்த அல்போன்ஸின் அக்கா ஸ்டெல்லாமேரி, வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காருக்கு வெளியே நின்றிருந்தார்.

அல்போன்ஸின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் அல்போன்ஸ் பிறக்கும்போதே பிரெஞ்சுக்காரன், பிள்ளைகளும் அப்படியே. வெரோனிகாவுக்கு மட்டும் விசா வர வேண்டியிருந்தது. ஒன்றரை வருஷம் முன்பு அல்போன்ஸ் தனியாகப் போனான். சொந்தக்காரர் ஒருவர் வீட்டு ஹாலில் நான்கு மாதம் படுத்திருந்து, ஒரு கிடங்கில் வேலை பிடித்து, பாரிஸுக்கு வடக்கே நாலாவது மாடியில் இரண்டு அறை வீடு பார்த்தான். இப்போது அவர்களை அழைத்துப் போக வந்திருந்தான். அந்த வீட்டைப் போனில் பார்த்துப் பார்த்து வெரோனிகாவுக்கு அது மனப்பாடம். அடுப்புக்கு மேலே மசாலா டப்பாக்கள் எந்த வரிசையில் இருக்க வேண்டும், ஜன்னலோரம் அபியின் மேஜை எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்றெல்லாம் முடிவு செய்திருந்தாள். நோயலின் கட்டில் மட்டும் அவள் கட்டிலோடு ஒட்டி இருக்க வேண்டும். அவன் அவளுடைய இடது காது மடலைப் பிடித்து நீவிக்கொண்டுதான் தூங்குவான். பிறந்ததிலிருந்து வேறு எதற்கும் அடங்கியதில்லை. புது ஊரில் முதல் வாரம் எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கும், அவனுக்கு என் காது இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

"லிவ்ரே எடுத்துகினியா?" என்று அல்போன்ஸ் கேட்டான்.

கல்யாணமும் பிள்ளைகளின் பிறப்பும் பிரெஞ்சு முத்திரையோடு பதிந்த குடும்பப் புத்தகம். அது இல்லாமல் அங்கே பள்ளிக்கூடமும் இல்லை, அவளுக்குக் குடியிருப்பு அட்டையும் இல்லை. பையில் வைத்தோமா, பீரோவிலேயே விட்டோமா? அவளுக்குத் திடீரென்று நினைவில்லை. பையைத் திறந்து பார்த்திருக்கலாம். அதற்குள் இறங்கிவிட்டாள்.

"இரு, பாத்துட்டு வந்துடறேன்."

"வெரோனிகா!" ஸ்டெல்லாமேரி கூப்பிட்டார். "கெளம்பிட்டு திரும்பி உள்ள போறல்ல? சும்மா எடுத்துகினு ஓடி வராத. உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வா."

"தண்ணி எங்க அண்ணி இருக்கு? குடத்தையெல்லாம் நீங்கதான கவுத்து வச்சீங்க."

எதிர்வீட்டு சின்னப்பாப்பா கம்பிக் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டே சிரித்தாள். "மாதாவக் கும்புடறவங்க இதெல்லாமா பாப்பீங்க ஸ்டெல்லாம்மா?"

"மாதா வேற, சகுனம் வேற. மாதாவே கூட வந்தாலும் குறுக்க பூனை போனா நான் நின்னுட்டுதான் போவேன்."

"இரு வெரோனிகா, நான் ஒரு சொம்பு கொண்டாறேன். ரெண்டு நிமிஷம்," என்றாள் சின்னப்பாப்பா.

"டைம் ஆயிடுச்சிக்கா, வேணாம்."

வேணாம் என்று சொன்னது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

உள்ளே வீடு ஏற்கனவே ஆளில்லாத வீடாகியிருந்தது. மெயின் சுவிட்சை இறக்கியாயிற்று. பன்னிரண்டு வருஷமாக இரவும் பகலும் முனகிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜ், கதவிடுக்கில் மடித்துச் செருகிய துண்டோடு வாயைத் திறந்தபடி நின்றது. அந்துருண்டையும் பெட்டிக்கு ஒட்டிய பழுப்பு டேப்பும் கழுவிக் காய்ந்த சிமென்ட்டும் கலந்த வாடை. மாதா படம் இருந்த சுவரில் அதன் அளவுக்கு ஒரு வெளுப்பு. மூடிய ஜன்னல் பலகைகளின் இடுக்கு வழியே வெயில் கோடு கோடாகத் தரையில் கிடந்தது. படுக்கையறைக்குள் நுழைந்து, பீரோவைத் திறந்து, கீழ் இழுப்பறையை இழுத்தாள். பழைய செய்தித்தாள். ஒரு பொத்தான். செய்தித்தாளைத் தூக்கினாள். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் கேட்டது. கீச். ஒரு மௌனம். கீச்.

"அபி, ஷூவக் கழட்டி வை! அது விளையாட்டுச் சாமான் இல்ல."

சத்தம் மூன்று படிகளிலும் இறங்கியது. அது சிறுமியின் நடையல்ல. பெரியவள் ஒருத்தியின் எடை அதில் இருந்தது. பிறகு முன்கதவு சாத்தப்பட்டது. பூட்டு விழும் சத்தம்.

வெரோனிகா ஹாலுக்கு ஓடினாள். கதவைத் தட்டினாள். "அண்ணி! உள்ள இருக்கேன்! அண்ணி!" ஜன்னல் பலகையைத் திருப்பி இடுக்கில் கண்ணை வைத்தாள்.

கார்க் கதவு திறந்திருந்தது. நீலச் சுடிதார் அணிந்த ஒரு கால் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதில் அவளுடைய ஷூ. வெரோனிகா குனிந்து பார்த்தாள். அவளும் நீலச் சுடிதார்தான் போட்டிருந்தாள். அதே விளிம்பு. அதே பிரிந்த நூல்.

கதவு மூடியது. கார் நகர்ந்தது. பின் கண்ணாடியில் நோயலின் முகம் மட்டும் வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வாய் அகலத் திறந்து அழுதுகொண்டிருந்தான். சத்தம் கேட்கவில்லை.

அவர்கள் கவனிப்பார்கள் என்று அவள் நினைத்தாள். எத்தனை தூரம்தான் போய்விட முடியும்? திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்துவார்கள். அங்கே தெரிந்துவிடும். அல்போன்ஸ் பதறிப்போய்த் திரும்பி வருவான், அண்ணி திட்டுவார், இராமதாஸ் மணி பார்ப்பார். கைப்பையும் போனும் காரில் இருந்தன. ஜன்னல் வழியே சின்னப்பாப்பாவைக் கூப்பிட்டாள். சின்னப்பாப்பா நிமிர்ந்து நேராக அந்த ஜன்னலைப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள். மிச்சத் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கனகசெட்டிக்குளத்திலிருந்து வரும் மீன்காரம்மா குரல் கொடுத்துக்கொண்டே தெருவைக் கடந்தாள். கோயில் மணி அடித்தது. பலகை இடுக்குகளில் வெயில் மஞ்சளாகி, சிவப்பாகி, போயிற்று. கார் வரவில்லை.

பசிக்கவில்லை. தாகம் மட்டும் இருந்தது. தொண்டையில் சின்னதாக, நெருஞ்சி முள் அளவுக்கு. சமையலறையில் கவிழ்த்து வைத்திருந்த குடத்தைத் தூக்கப் பார்த்தாள். விரல்கள் பித்தளையில் படுவது தெரிந்தது. குடம் வரவில்லை. சுவரைத் தூக்கப் பார்ப்பதுபோல் இருந்தது. குழாயும் அப்படித்தான். பயமாக இருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் அவள் ஒன்றை மட்டும்தான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது விமானத்தில் ஏறியிருப்பார்கள். நோயலுக்குத் தூக்கம் வரும் நேரம்.

மூன்றாம் நாள் காலை பூட்டுத் திறந்தது. ஸ்டெல்லாமேரி வந்தார். லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டரில் வந்த வியர்வையோடு, ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். பின்னாலேயே சின்னப்பாப்பா.

வெரோனிகா ஓடிப்போய் அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்தாள். ஸ்டெல்லாமேரி அவளைக் கடந்து நடந்தார். முழங்கையை மட்டும் ஒருதரம் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"எறங்கிட்டாங்களா?" என்றாள் சின்னப்பாப்பா.

"நேத்தே எறங்கிட்டாங்க. போன் வந்துச்சி. அதான் இன்னிக்கு கூட்ட வந்தேன். போனவங்க போய்ச் சேர்றதுக்கு முன்ன வீட்டக் கூட்டக் கூடாதுல்ல."

"வெரோனிகா எப்படி கீறா? கார்ல ஏறும்போது இந்தப் பக்கம் திரும்பிக்கூட பாக்கலியே. பதினோரு வருஷம் எதிர்ல இருந்தேன். ஒரு கையாட்டலு இல்ல."

"எங்கிட்டயும்தான் பேசல. மெட்ராஸ் போறவரைக்கும் ஒரு வார்த்தை இல்ல. அழுவறாளோன்னு விட்டுட்டேன். இந்தச் சின்னது ஒண்ணு, அவகிட்ட போவாம எம்மடியிலேயே ஒட்டிக்கினு வந்துச்சி."

"அந்தப் புக்கு கெடச்சுதா?"

"அது அவ கைப்பையிலயே இருந்துச்சாம்."

"அப்ப எதுக்கு உள்ள ஓடினா?"

"அதான். ஒண்ணுமில்லாததுக்கு."

வாசற்கதவு திறந்துதான் இருந்தது. வெரோனிகா நடந்தாள். நிலைப்படி. முதல் படி. வெயில் சுடவில்லை. இரண்டாவது படியில் கால் வைத்தாள். கால் பட்ட இடம் படுக்கையறைத் தரை. முன்னால் பீரோ. அவள் கை கீழ் இழுப்பறைக்குள் இருந்தது. பழைய செய்தித்தாள். ஒரு பொத்தான்.

மறுபடி நடந்தாள். மறுபடி பீரோ.

துடைப்பம் அறைக்குள் வந்தது. பீரோவின் முன்னால் தூசியில் இரண்டு வெறுங்கால் தடங்கள் இருந்தன.

"இது யாரு காலு?"

"அவதான். ஷூவக் கழட்டிப் போட்டுட்டு ஓடினாளே." ஸ்டெல்லாமேரி குனிந்து பெருக்கினார். வெரோனிகாவின் பாதங்கள் அங்கேயேதான் இருந்தன. துடைப்பம் அவற்றின் ஊடாகப் போய்த் திரும்பியது. தடங்கள் முறத்தில் ஏறின. வாசலைத் தாண்டிக் குப்பைக்குப் போயின. அதற்குப் பிறகு அவள் எவ்வளவு நடந்தாலும் தூசியில் எதுவும் பதியவில்லை.

பூட்டியே கிடந்தால் வீடு கெட்டுப்போகும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் ஸ்டெல்லாமேரி வருவார். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஹாலில் மிச்சமிருந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து, தம்பிக்கு வீடியோ கால் போடுவார். வெரோனிகா அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். தன் குடும்பம் ஒரு புது ஊரில் குடியமர்வதை அவள் அப்படித்தான் பார்த்தாள்.

முதல் வாரம் அல்போன்ஸ் வீட்டைச் சுற்றிக் காட்டினான். அடுப்புக்கு மேலே டப்பாக்கள். மிளகாய், மல்லி, மஞ்சள், சோம்பு. அவள் நினைத்து வைத்திருந்த அதே வரிசை. அபியின் மேஜை ஜன்னலுக்கு இடப்பக்கம் திரும்பியிருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குள் மட்டும் முடிவு செய்திருந்தாள்.

"வெரோனிகா எங்கடா?"

"துணி மடிக்குது. வேலையில அப்படி ஒரு சுறுசுறுப்புக்கா. வந்த நாள்லருந்து உக்காரவே இல்ல. சோறுகூட நின்னுகினேதான் சாப்புடுது." படத்தின் ஓரத்தில் ஒரு முதுகு. பின்னல். நீலம். வாசல் கதவருகே வரிசையாக வைத்திருந்த செருப்புகளின் கடைசியில் அந்த ஷூக்கள்.

நோயலின் முகம் திரையை நிறைத்தது. மூக்கு ஒழுகியிருந்தது. "அத்தை, இந்த அம்மா காது சில்லுனு இருக்கு."

ஸ்டெல்லாமேரி சிரித்தார். "பிரான்ஸுல எல்லாருக்கும் காது சில்லுனுதான்டா இருக்கும். ஒன் காதத் தொட்டுப் பாரு."

"என் காது சூடா இருக்கு."

"அப்ப அம்மாவுக்கு ஒரு குல்லா போட்டு உடு."

அல்போன்ஸும் சிரித்தான். அபி சிரித்தாள். நோயல் சிரிக்கவில்லை. அவன் ராத்திரி தூங்குவதில்லை, அபியின் கட்டிலுக்கு ஓடிவிடுகிறான், ஊட்டினால் வாயை மூடிக்கொள்கிறான் என்று அல்போன்ஸ் சொன்னான். புது இடம் அல்லவா. சரியாகிவிடும்.

நான்காவது ஞாயிற்றுக்கிழமை நோயல் ஏதோ ரொட்டியைத் தின்றுகொண்டே திரைக்கு முன் வந்தான். வந்தவன் நின்றான். ரொட்டி கையிலேயே இருந்தது. அவன் ஸ்டெல்லாமேரியைப் பார்க்கவில்லை.

"அம்மா."

"என்னடா?"

"அத்தை, அம்மா உன் பின்னாடி நிக்குது."

ஸ்டெல்லாமேரி திரும்பினார். அவர் பார்வை வெரோனிகாவின் கழுத்தின் வழியாகச் சுவருக்குப் போயிற்று. ஆனாலும் அவர் கை தன்னையறியாமல் நெற்றியில் சிலுவை போட்டது.

"நான் இங்க இருக்கேன்டா, கண்ணு. அப்பாகிட்ட சொல்லுடா." வெரோனிகா கத்தினாள். கத்தல் அவள் காதுக்கே எட்டவில்லை. இடது காது மடலைப் பிடித்துக் காட்டினாள். நோயல் கையை நீட்டினான். திரையில் அவன் விரல் பெரிதாகி மங்கியது.

"ஏய், அம்மா கிச்சன்ல இருக்குடா," என்றது அல்போன்ஸின் குரல்.

"இல்ல. அது இல்ல. அம்மா அங்க இருக்கு!"

ஒரு கை வந்து போனை எடுத்தது. திரை ஆடியது. நின்றது.

வெரோனிகாவின் முகம். கண்ணாடியில் பார்ப்பதைவிடச் சற்றே நன்றாகத் தூங்கி எழுந்த முகம். அது ஸ்டெல்லாமேரியைப் பார்க்கவில்லை. அவர் தோளைத் தாண்டிப் பார்த்தது. இமைக்கவில்லை. கோபம் இல்லை. ஆச்சரியமும் இல்லை. வாடகைக்கு விட்ட வீட்டில் ஏதும் உடைந்திருக்கிறதா என்று சரிபார்ப்பதுபோல் ஒரு பார்வை.

"வெரோனிகா, எப்படிம்மா கீற?" என்றார் ஸ்டெல்லாமேரி.

போன் கவிழ்த்து வைக்கப்பட்டது. திரை கறுத்தது. கறுப்புக்குள்ளிருந்து நோயல் அழுவது கேட்டது. பிறகு அதுவும் நின்றது. சட்டென்று நின்றது. குழந்தையின் அழுகை அப்படி நிற்பதில்லை.

ஆகஸ்டில் நோயல் பேசவில்லை. செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறந்தது. லிவ்ரேயைக் காட்டிச் சேர்த்துவிட்டார்களாம். வெரோனிகாவுக்கு அட்டை வந்துவிட்டதாம். அக்டோபரில் அவன் நாலு பிரெஞ்சு வார்த்தைகளைப் பேசிக் காட்டினான். ஸ்டெல்லாமேரிக்குப் பெருமை தாங்கவில்லை. சின்னப்பாப்பாவை எதிர்வீட்டிலிருந்து கூப்பிட்டுக் கேட்க வைத்தார்.

"தொர கணக்கா பேசறான்! எங்களையெல்லாம் ஞாபகம் கீதாடா?"

"கீது," என்று அவன் சொன்னதும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வெரோனிகா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. கண்கள் அவள் நிற்கும் இடத்தில் ஒருகணம் நிற்கும். முதலில் அந்தக் கணம் நீளமாக இருந்தது. பிறகு குறைந்தது. தெருவில் தினமும் பார்க்கும் ஒரு மின்கம்பத்தைப் பார்ப்பதுபோல் ஆயிற்று. டிசம்பரில் ஒருநாள், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, அவன் நேராக அவளைப் பார்த்தான். அவள் காதைப் பிடித்தாள். அவன் தலையைச் சாய்த்து யோசித்தான். எங்கோ பார்த்த ஒன்றை நினைவுக்குக் கொண்டுவர முயல்வதுபோல். பிறகு "மமா!" என்று கூப்பிட்டுக்கொண்டு சமையலறைப் பக்கம் ஓடினான்.

"செட்டில் ஆயிட்டாங்க," என்றார் ஸ்டெல்லாமேரி, போனை அணைத்துவிட்டு, காலி அறையைப் பார்த்து. "மாதா புண்ணியத்துல."

அன்று வெரோனிகா முதன்முறையாக நாற்காலியின் அருகே தரையில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கக் காரணம் எதுவும் தோன்றவில்லை. எத்தனை ஞாயிறுகள் அப்படிப் போயின என்று அவள் கவனிக்கவில்லை. தாகம் மட்டும் இருந்தது. அது முள் அளவில் தொடங்கியது. இப்போது அவள் முழுவதும் அதுதான்.

போய் இரண்டு வருஷம் கழித்து, ஜூனில் அவர்கள் வந்தார்கள். வீட்டை விற்பதற்கு.

முதலில் கேட்டது கீச் என்ற சத்தம்தான். நாலு நாளில் சரியாகிவிடும் என்று கடைக்காரன் சொன்ன சத்தம். தெருவிலிருந்து, மெதுவாக.

அல்போன்ஸுக்குத் தொப்பை விழுந்திருந்தது. அபி வளர்ந்து போனை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்றாள். நோயல் ஹாலில் நுழைந்து சுற்றிலும் பார்த்தான். ஆறு வயதுக் கண்கள். அவை நாற்காலியையும் ஃப்ரிட்ஜையும் அவளையும் ஒரே மாதிரி கடந்து போயின. "வாடை அடிக்குது," என்றான். வெளியே ஓடிவிட்டான்.

வாங்குகிறவர் பெயர் விஜயராகவன். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறாராம். பழைய சாமான்கள் எதுவும் வேண்டாம், பீரோவை மட்டும் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறேன் என்றார். எல்லோரும் பேசி முடித்து வெளியே போனார்கள். கார்க் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

"ஒரு நிமிஷம்," என்றது வெளியே ஒரு குரல். வெரோனிகாவின் குரல். "ஒண்ணு மறந்துட்டேன்."

"என்ன மறந்த? ஒண்ணும் கொண்டாரலியே," என்றான் அல்போன்ஸ்.

"வந்துடறேன்."

"திரும்பி உள்ள போறல்ல, உக்காந்து..."

"தெரியும் அண்ணி."

ஷூக்களை அது வாசலில் கழற்றவில்லை. போட்டுக்கொண்டே உள்ளே வந்தது. கீச். மௌனம். கீச். ஸ்டெல்லாமேரி தனக்காக வைத்திருந்த தம்ளரில் தண்ணீர் இருந்தது, அதை எடுத்துக்கொண்டது. எதையும் தேடவில்லை. எந்த அறைக்கும் போகவில்லை. நேராக நாற்காலியருகே வந்தது.

தரையில் உட்கார்ந்தது.

முழங்காலுக்கு முழங்கால். இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு சாண். அதன் இடது காதுமடல் சிவந்து, நீவி நீவி மெலிந்திருந்தது. தினமும் ஒரு குழந்தை பிடித்துத் தூங்குகிற காது.

தம்ளரை உயர்த்தியது. வெரோனிகாவைப் பார்த்துக்கொண்டே குடித்தது. ஒரு வாய். இன்னொரு வாய். தொண்டை ஏறி இறங்கியது. வெரோனிகாவின் வாய் தானாகத் திறந்தது. ஒரு சொட்டு மோவாயில் வழிந்து நின்றது. அதையும் விரலால் எடுத்துக் குடித்தது.

தம்ளரைத் தரையில் கவிழ்த்து வைத்தது.

எழுந்தது. போயிற்று.

பூட்டுச் சத்தம். கார். பிறகு ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் சந்தேகம் எதுவும் இல்லை. அல்போன்ஸ் அந்தக் கிடங்கில் மேற்பார்வையாளன் ஆனான். பெரிய வீட்டுக்கு மாறினார்கள். அபிக்குக் கண்ணாடி போட்டார்கள், நன்றாகப் படிக்கிறாள். நோயல் தமிழ் பேசுவதைக் குறைத்துவிட்டான். தூங்கும்போது மட்டும் இன்னும் அந்தக் காது வேண்டும். ஸ்டெல்லாமேரிக்கு முழங்கால் வலி, ஸ்கூட்டரை விற்றுவிட்டார். சின்னப்பாப்பா மகள் வீட்டோடு போய்விட்டாள். விஜயராகவன் வீட்டை இடித்தார். பீரோ போயிற்று. நிலைப்படி போயிற்று. நான்கு மாடி எழுந்தது. கீழ்த்தளத்தில் வண்டிகள் நிறுத்துகிறார்கள்.

படுக்கையறை இருந்த இடத்தில், ஒரு தூணுக்கும் வெள்ளைக் காருக்கும் நடுவே, வெரோனிகா நிற்கிறாள். குனிந்தபடி, இல்லாத இழுப்பறைக்குள் கை விட்டபடி. அவள் பாதங்களுக்கு நேர் கீழே, இரும்பு மூடிக்கு அடியில், கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் அது நிறைகிற சத்தம் அவளுக்குக் கேட்கிறது.